ஹாலந்தில் என் மாமனார் கும்பிட்ட சாமி

என் தங்கை மகன் இந்த நவம்பரில் அவனுடைய அப்பா அம்மாவை ஹாலந்துக்குக் கூட்டிப்போகிறான். "பெரியம்மா, நீங்க அந்தக் காலத்துலயே போயிட்டு வந்தவுக. என்ன பாக்கலாம், எதுல கவனமா இருக்கணும்னு உங்க வலைப்பூவுல எழுதுங்க" என்று கேட்டான். கோயில்களையும் மலைகளையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். இந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் இதுவரை எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் வந்துவிடும் என்று தெரியும். வந்தும்விட்டது. பரவாயில்லை, கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் போனது 1974 நவம்பரில். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பிறந்த வீடு அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி, அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கட்டிக்கொடுத்தது திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில். கணவர் செல்வம் டிப்ளமோ படித்துவிட்டு அருப்புக்கோட்டையில் பவர்லூம் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். கல்யாணமாகி எட்டு மாதத்தில் ஹாலந்தில் தறி செய்யும் கம்பெனி ஒன்றில் பயிற்சி கிடைத்துப் போய்விட்டார். மறு வருடம் என்னையும் வரச் சொல்லி எழுதினார். பிரச்சினை என்னவென்றால், தனியாகப் பெண்ணை விமானத்தில் அனுப்ப இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. கடைசியில் என் மாமனார்தான், "நானே கூட்டிட்டுப் போயி, ரெண்டு மாசம் அவன் கூட இருந்துட்டு வாரேன்" என்று எழுந்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பருத்தியும் கொத்தமல்லியும் மிளகாயும் போடுகிற சம்சாரி. ஊருக்குக் கிழக்கே கண்மாய்க்கரையில் அய்யனார் கோயில் இருக்கிறது. அய்யனாருக்குப் பெரிய வெள்ளைக் குதிரை. அதன் பக்கத்தில் கருப்பசாமி, கையில் அரிவாளும் சாட்டையுமாக நிற்பார். அதுதான் எங்கள் குலதெய்வம். மாமாதான் கருப்பசாமிக்குச் சாமியாடி. பங்குனிப் பொங்கலன்று அவர் மேல் கருப்பன் இறங்கி ஆடும்போது பெற்ற தாயே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். மற்ற நாட்களில் சத்தமே இல்லாத மனிதர். என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, தாயி என்றுதான் சொல்வார்.

பாஸ்போர்ட்டுக்காக மெட்ராஸுக்கு இரண்டு தடவை அலைந்தோம். இப்போதைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், கையில் ஆளுக்கு எட்டு டாலருக்கு மேல் வெளிநாட்டுப் பணம் கொண்டுபோக முடியாது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பதினேழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் பஸ். அங்கிருந்து மதுரைக்கு ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய்க்குள்தான். மதுரையிலிருந்து ராத்திரி ரயிலில் மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து ஆம்ஸ்டர்டாம். மாமா ஒரு மஞ்சள் பையில் கருப்பட்டியும் கருப்பன் கோயில் திருநீறும் வைத்திருந்தார். ஆம்ஸ்டர்டாம் சுங்க அதிகாரி அந்தத் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் மோந்து பார்க்கச் சொன்னார். மாமா சும்மா இருக்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் பூசிக் காட்டிவிட்டு, அவர் நெற்றிக்கும் கையை நீட்டினார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே பின்வாங்கி எங்களைப் போகச் சொன்னார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

என் கணவர் வந்து கூட்டிப்போனார். ரயிலில் நூற்றறுபது கிலோமீட்டர் கிழக்கே, ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில் ஒரு நெசவு நகரம். ஊர் பெயரை எழுதப் போவதில்லை. அருப்புக்கோட்டைக்காரிக்குத் தறிச் சத்தம் கேட்டால் சொந்த ஊர் மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்தக் குளிர்! எலும்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிற குளிர். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. மாமா நாள் முழுவதும் அறையைச் சூடாக்கும் கேஸ் அடுப்புக்கு முன்னால் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்து, சன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, "இங்க சூரியனே லீவுல போயிருச்சு போல தாயி" என்பார்.

போன ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டில் ஒன்றைப் பார்த்தோம். அந்த வீட்டு அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியும், நான் பியூசி வரை படித்தவள், எப்படியோ பேசிக்கொள்வோம். அவர்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஷூக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேரட்டும் கொஞ்சம் வைக்கோலும் வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அந்த நாட்டில் நிக்கோலஸ் என்கிற புனிதர் கப்பலில் வருவாராம். தாடி வைத்த கிழவர், கையில் நீளக் கோல், ஏறுவது வெள்ளைக் குதிரை. அந்தக் குதிரைக்குத்தான் கேரட். காலையில் ஷூவுக்குள் மிட்டாய் இருக்கும். நம் ஊரில் தெரிந்த கிறிஸ்துமஸ் என்றால் நட்சத்திரமும் கேக்கும்தான். இது எனக்குப் புதிது. மாமாவுக்கோ இது புதிதாகவே தெரியவில்லை. அவர் முகம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மலர்ந்தது.

"வெள்ளக் குதிர, கையில கோலு. அய்யனாருல்ல தாயி!" என்றார். "குதிரைக்குத் தீனி வச்சுட்டுத்தான் வரம் கேக்காக பாரு. நல்ல பழக்கம்."

சாயங்காலம் மகனிடம் கேட்டார். "ஏப்பா, அந்தச் சாமிகூட யாரும் வருவாகளா?"

"ஆமாய்யா. கருப்பா ஒருத்தர் வருவாரு. கையில விளாறு வச்சிருப்பாரு, தோள்ல ஒரு சாக்கு. சேட்டை பண்ற பிள்ளைகள அடிப்பாராம்."

மாமா எழுந்து நின்றுவிட்டார். "கருப்பனா?"

"ஆமாய்யா, அப்படி வச்சுக்கங்க" என்று என் கணவர் பேப்பரைப் புரட்டினார். அப்படி வச்சுக்கங்க! அந்தக் கறுப்பு ஆள் யார், அங்குள்ளவர்கள் அவனை என்னவாக நினைக்கிறார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடம் அந்த ஊரில் இருந்தவர். உட்கார்ந்து இரண்டு நிமிஷம் பேசியிருந்தால் போதும். பேப்பர் அவசரம்.

அந்தச் சனிக்கிழமை கப்பல் வந்தது. கால்வாய்க் கரையில் ஊரே நின்றது. பேண்டு வாத்தியம், பிள்ளைகளின் பாட்டு, கயிறு கட்டிய பாதை. சிவப்பு அங்கியும் உயரமான தொப்பியுமாகப் புனிதர் வேடமிட்டவர் வெள்ளைக் குதிரையில் ஏறி வந்தார். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குதித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் வெள்ளைக்காரர்கள். முகத்தில் தார் மாதிரி கறுப்பு அப்பிக்கொண்டிருந்தார்கள். உதடு மட்டும் பெரிதாகச் சிவப்பு. தலையில் சுருட்டை முடி, காதில் பெரிய வளையம், வெல்வெட் சட்டை, இறகு வைத்த தொப்பி. கையில் விளாறுக் கட்டு. கோணல் நடை நடந்து, கண்ணை உருட்டி, விழுந்து எழுந்து பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று அப்போது சொல்லத் தெரியவில்லை. என் கையைப் பார்த்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். கரிசல் காட்டில் ஐம்பது வருடம் வெயிலில் நின்ற முகம்.

மாமா முதலில் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார். கழுத்தில் சுற்றியிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நான் "மாமா, குளுருது, என்ன செய்யுதீக" என்று கேட்பதற்குள் கயிற்றைத் தாண்டிவிட்டார். ஈரக் கல்லில் வெறுங்காலோடு நடந்து போய், ஒரு கறுப்பு வேடக்காரன் முன்னால் நின்று, தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார். இடது கையின் மேல் வலது கையை வைத்து, திருநீறு வாங்குகிற மாதிரி குனிந்து நீட்டினார்.

அந்த வேடக்காரன் ஒரு கணம் திகைத்தான். பிறகு சாக்குக்குள் கைவிட்டு, அவர்கள் பிள்ளைகளுக்கு இறைக்கிற சுண்டைக்காய் அளவு பிஸ்கட்டை அவர் கையில் கொட்டினான். மாமா அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் கையை நீட்டி, அவன் கன்னத்திலிருந்த மையை ஒரு விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் கருப்பன் கோயில் மையை அப்படித்தான் எடுத்து வைப்போம்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வேடக்காரன் சாக்கின் வாயை விரித்து, உள்ளே வா என்பதுபோல் மாமாவை அழைத்தான். சிரிப்பு இன்னும் கூடியது. ஒரு ஆள் முன்னால் ஓடிவந்து படமெடுத்தான். நான் என் கணவரைத் தேடினேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாக நின்று, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்பு வேடக்காரன் ஹென்க், கம்பெனியில் என் கணவருக்கு மேஸ்திரி என்று பிறகுதான் தெரிந்தது.

நான் போய் மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. அவருக்கு அதெல்லாம் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர்.

"நம்மூர்ல சாமி வந்தா சனம் கொலவ போடும். இவுக சிரிக்காக போல. ஊருக்கு ஒரு மொறை" என்றார்.

திங்கட்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நடுவில் ஹென்க் சாக்கை விரித்துக்கொண்டு நிற்கிறான். முன்னால் மாமா, கும்பிட்ட கை. வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, சிரிக்கிற ஒரு முகம். அது என் கணவர். கீழே இரண்டு வரி எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவள் உற்சாகமாகவே சொன்னாள்: "நிஜக் கருப்புப் பீட் வந்துவிட்டார், நம் ஊர்ப் பீட்டிடம் வேலை கேட்கிறார்." பீட் யாரென்றும் சொன்னாள். புனிதரின் வேலைக்காரனாம். மூட்டை தூக்குகிறவன். கொஞ்சம் முட்டாள், ஆனால் நல்லவன். சொல்லிவிட்டு நானும் சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அதனால் என்ன? கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஒரு மனிதரைத் தரையில் தேய்க்க முடியும் என்பதை அன்றைக்கு அந்த வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் மாமா பத்திரிகையை நீட்டினார். "என்னப்பா போட்டிருக்காக?"

அவர் வாசித்தார். வாசித்ததை நான் பார்த்தேன், கண் இரண்டு தடவை அந்த வரியில் ஓடியது. பிறகு சொன்னார்: "தூர தேசத்துப் பெரியவர் ஒருத்தரு நம்ம சாமியக் கையெடுத்துக் கும்பிட்டு மரியாத செஞ்சாருன்னு போட்டிருக்காங்கய்யா."

மாமா அந்தப் பத்திரிகையை நான்காக மடித்துத் திருநீற்றுப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டார்.

நான் என் கணவரை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "எனக்கு அந்த எழுத்துக்கு அர்த்தம் தெரியும்" என்றேன்.

"மெதுவாப் பேசு. தெரிஞ்சா என்ன? சின்னப் பிள்ளைக வெளாட்டு அது. யாரும் மனசுல எதையும் வச்சுக்கிட்டுச் செய்யல."

"சின்னப் பிள்ளைகளா பேப்பர்ல எழுதுனாக?"

"ஹென்க் என் மேஸ்திரி. அவன் எழுதிக் குடுத்தாத்தான் எனக்கு இன்னும் ஒரு வருசம் கிடைக்கும். அய்யாகிட்ட நெசத்தச் சொல்லி, அவரு சங்கடப்பட்டு, நான் அவன்கிட்டப் போயிச் சண்ட போடணுமா?"

"சண்ட போட வேண்டாம். நீங்க எதுக்குச் சிரிச்சீக?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. இதை அவர் படிப்பார். படிக்கட்டும்.

"நீங்களே மாமாகிட்டச் சொல்லிருங்க. இல்லைன்னா நான் சொல்லுவேன்" என்றேன். ஊருக்கு வந்து நானே சொல்கிறேன், இங்கே குளிரில் கிடக்கிற மனிதரிடம் எதற்கு என்றார். அந்த ஒன்று மட்டும் எனக்கு நியாயமாகப் பட்டது. இரண்டு மாதம் மாமா அந்த வீட்டில் மகன் கையால்தான் சாப்பிட வேண்டும், வெளியே போக ஓர் இடமில்லை. ஆனால் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. கடைவீதிக்குப் போனால் பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பீட், பீட் என்று கத்தின. டிசம்பர் ஐந்தாம் தேதி, அந்தப் புனிதரின் பண்டிகையன்று, ஹென்க் எங்கள் வீட்டுக்கு வந்து, மாமாவின் தோளைத் தட்டி, அன்றைக்கு வழக்கமாகக் கொடுக்கிற, சாக்லேட்டில் செய்த பெரிய எழுத்து ஒன்றைக் கொடுத்தான். மாமா அவனுக்குத் திருநீறு பூசிவிட்டார். என் கணவர் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தார். என்ன மொழிபெயர்த்தாரோ! இரண்டு வருடம் இருக்கப் போனவள், மாமா திரும்பிய அதே விமானத்தில் ஜனவரியில் திரும்பிவிட்டேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் மாமா செய்த முதல் வேலை, அருப்புக்கோட்டைக்குப் போய் அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டது. வீட்டு முன்னறையில் மாட்டினார். பந்தல்குடி, திருச்சுழி என்று உறவுக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். "அய்யனாரு அங்க குதிரைல வாராரு, நம்ம கருப்பன் கூட வாராரு. மை வாங்கிப் பூசுனேன்" என்று சொல்வார். கேட்டவர்கள் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் என் ரத்தம் கொதிக்கும். ஹாலந்திலிருந்து கணவரின் கடிதம் வந்தது, படத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்திலும் இல்லை. மாசியில் ஒருநாள் மாமா ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, "இது வீட்ல இருக்கக் கூடாது தாயி. கோயில்ல கருப்பன் பக்கத்துல மாட்டணும்" என்று படத்தைக் கழற்றினார்.

கருப்பன் பக்கத்தில், அந்த இரண்டு வரியோடு! இனி காத்திருக்க முடியாது என்று ஆகிவிட்டது. "மாமா, கொஞ்சம் உக்காருங்க" என்றேன். அந்த வேடம் யாருடையது, கீழே என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் சொன்னேன். அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். வெகு நேரம் அதையே பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"செல்வத்துக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

எழுந்து போய் அதே ஆணியில் அதே படத்தைத் திரும்ப மாட்டினார். கழற்றி எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. அதற்கப்புறம் யாருக்கும் அதைக் காட்டவுமில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அது வாசலைப் பார்த்துத் தொங்கியது.

தங்கை மகனே, உனக்கு வேண்டிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் நடுவில் போனால் கப்பல் வருவதைப் பார்க்கலாம், காலை பத்து மணிக்கே கரையில் இடம் பிடிக்க வேண்டும். உள்ளே போட இரண்டு கம்பளிச் சட்டை, காலுக்குத் தடித்த தோல் ஷூ. அந்தக் குட்டி பிஸ்கட் நன்றாக இருக்கும், இஞ்சியும் பட்டையும் போட்டது. இப்போது பல ஊர்களில் கறுப்பு அப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்று படித்தேன். அந்த ஊர்க்காரர்களே சண்டை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள், அதற்குள் ஐம்பது வருடம் ஆகிவிட்டது. எங்காவது இன்னும் அப்பிக்கொண்டு வந்தால் உன் அப்பாவைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. யாராவது படமெடுத்தால், கீழே என்ன எழுதப் போகிறாய் என்று கேள். உன் அப்பா உன்னிடம் "அது என்னப்பா" என்று கேட்டால் தெரிந்ததைச் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அவரைப் பார்த்து ஊர் சிரித்தால் நீ சிரிக்காதே. இதைவிடப் பெரிய யோசனை என்னிடம் இல்லை.

நான் மாமாவிடம் சொன்னதற்கு மறு வருடம், பங்குனிப் பொங்கலுக்கு என் கணவர் பயிற்சி முடித்து ஊர் திரும்பினார். கோட், புதுக் கைக்கடிகாரம், எல்லோருக்கும் சாமான். வீட்டுக்குள் காலடி வைத்ததும் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாமா "வாப்பா, சாப்பிடு" என்று மட்டும் சொன்னார். பொங்கல் வரைக்கும் மகனிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இவரும் நான் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தெம்பாகிவிட்டார். நானும் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

பொங்கலன்று உச்சிப் பொழுது. கண்மாயில் தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்தது. உறுமி அடிக்க, மாமா மேல் கருப்பன் இறங்கினான். வெயிலில் கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு, அரிவாளை ஓங்கிக்கொண்டு ஆட்டம். அதன் பிறகு வரிசையாக ஒவ்வொருவராக வந்து கும்பிட, பேர் சொல்லிக் கூப்பிட்டு, குறை கேட்டுத் திருநீறு கொடுத்துக்கொண்டே வந்தான். பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குக் கொடுத்தான். அடுத்தது என் கணவர். துண்டை இடுப்பில் கட்டி, இடது கையின் மேல் வலது கையை வைத்துக் குனிந்து நீட்டினார்.

கருப்பன் கொடுக்கவில்லை. திருநீற்றுத் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, மடியில் செருகியிருந்த ஒன்றை உருவினான். கண்ணாடியும் சட்டமும் இல்லாமல், மடித்த அந்தப் பத்திரிகைத் துண்டு. விரித்து என் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தான். உறுமிக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இது யாருடா?" விரல் போனது நடுவிலிருந்த வேடக்காரனிடம் இல்லை, கும்பிட்ட கையிடமும் இல்லை. வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்ட அந்த முகத்தின் மேல் நின்றது.

"அய்யா..." என்றார் இவர்.

"அய்யா இல்ல. கருப்பன் கேக்கேன். தெரிஞ்சுதானடா சிரிச்ச?"

 சிரித்ததை நான் மாமாவிடம் சொல்லவே இல்லை. அந்த ஒரு வருடமும் வாசலைப் பார்த்துத் தொங்கிய படத்தில் அவரே பார்த்திருக்கிறார்.  என் கணவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.  கருப்பன் பத்திரிகையை மடித்து மடியில் செருகிக்கொண்டு, தட்டை வாங்கி, அடுத்து நின்றவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

சாமி மலையேறிய பிறகு மாமா வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் சிவந்திருந்தன. ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தூரத்தில் சனத்தை விட்டு விலகித் தனியாக நின்ற மகனைப் பார்த்தார். சாமியாடிகளுக்கு ஆடும்போது பேசியது எதுவும் நினைவிருக்காது என்பார்கள்.

"செல்வம் துன்னூறு வாங்குனானா தாயி?"

"இல்ல மாமா. குடுக்கல."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானா இருந்தா குடுத்திருப்பேன்" என்றார்.